பூந்தியின் அம்மா கூப்பிடுகிறாள்

காலை ஒன்பது நாற்பதுக்கு, புளியம்பள்ளம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி கனிஷ்கா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, வாழைக்காட்டு வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்தபடி இணைய வகுப்புக்குள் நுழைந்தாள்.

செயலியின் பதிவேடு அப்படித்தான் சொல்லும். நேரில் பார்த்தவர்களுக்கு அது கனிஷ்காவின் அப்பா ஆறுச்சாமி. கனிஷ்கா அந்நேரம் பள்ளிக்கூட மைதானத்தில் கோகோ ஆடிக்கொண்டிருந்தாள்.

இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. புளியம்பள்ளத்தில் ‘ப்ராஜெக்ட்’ என்ற சொல்லுக்குப் பிள்ளைக்குக் கொடுத்து அப்பன் செய்வது என்றுதான் பொருள். எரிமலை செய்து வரச் சொன்ன வருடம், குழந்தைசாமி தன் மகனுக்காகச் செய்த எரிமலை கிணறு வெட்டும் மருந்தின் உதவியால் உண்மையாகவே வெடித்தது. பள்ளிக்கூடத்தின் பதினாறு ஓடுகள் பறந்தன, ஒரு ஓடு பக்கத்து ஊர் வரை போனதாகச் சொல்வார்கள், பையனுக்கு முதல் பரிசு. சூரிய மண்டலம் செய்யச் சொன்ன வருடம் சனிக் கிரகத்துக்கு டிராக்டர் டியூப் மாட்டப்பட்டது. பிள்ளைகள் சும்மா தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். சில பிள்ளைகளால் தூக்கவும் முடியாது.

ஆகவே யானை ப்ராஜெக்ட் வந்தபோது அப்பன்மார் கையில் அது போய்ச் சேர்ந்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் அது வந்த முதல் நாளே போய்ச் சேரவில்லை. அதற்கு ஒரு பகை வேண்டியிருந்தது.

அறிவியல் டீச்சர் அம்சவேணி பெற்றோர் கூட்டத்தில் விளக்கியபோது எல்லாம் பழம் போல இனிப்பாகத்தான் இருந்தது.

“இது விளையாட்டு இல்லீங்க. யானைக எந்த மாசம் எந்தக் காட்டுக்குப் போகுது, எதுக்குப் போகுதுன்னு பிள்ளைக நேராப் பாத்துப் படிக்கறதுக்கு. நம்ம பள்ளிக்கூடமும் கல்லாங்காட்டூர்ப் பள்ளிக்கூடமும் ஒரே வகுப்பு, ஒரே யானை. கழுத்துல பட்டை போட்டிருக்காங்க. நிக்கற எடம் திரையில சிவப்புப் புள்ளியாத் தெரியும்.”

“புள்ளியப் பாத்துட்டு என்னங் டீச்சர் பண்றது?” என்றார் ஆறுச்சாமி. ஏழு கடல் தாண்டி எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அதனால் தன் நேந்திரன் வாழைக்கு என்ன என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

“வழி மாறி ஊருப்பக்கம் வந்துச்சுன்னா பிள்ளைக கூப்பிட்டுத் திருப்பலாங்க. கெழக்க நம்மூர் எல்லையில ஒரு ஒலிப்பெட்டி, மேக்க கல்லாங்காட்டூர் எல்லையில ஒண்ணு, வடக்க காட்டுக்குள்ள ஒண்ணு, மரத்துல கட்டியிருக்கு. திரையில எந்தப் பெட்டியத் தொட்டாலும் அந்தப் பெட்டி கூப்பிடும். யானை அங்க போகும்.”

“நாம கூப்பிட்டா யானை வருமாக்கும்! நான் கூப்பிட்டா என்ற எருமையே வரமாட்டீங்குது.”

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்: “நம்ம குரல்ல இல்லீங்க. அதோட அம்மா குரல்ல. யானைக ரொம்பக் கீழ்க்குரல்ல பேசிக்கும், நம்ம காதுக்கு எட்டாது. மூணு மைல் தள்ளி நிக்கற யானைக்குக் கேக்கும். மூணு வருசத்துக்கு முந்தி செத்துப்போன கிழட்டு யானையோட குரல் பதிவு இந்தச் செயலிக் கம்பெனிக்காரங்க கிட்ட இருந்துச்சு. ‘வா’ன்னு அது கூப்பிடற குரல். அதத்தான் பெட்டியில வெச்சிருக்காங்க.”

“செத்துப்போன அம்மாவோட குரல்லீங்களா?” என்று கேட்டது கூட்டத்தில் ஒரே ஒரு ஆள்தான். ஆறுச்சாமியின் மனைவி துளசிமணி. பால் சொசைட்டியில் பால் அளப்பவள். அதற்குள் பிஸ்கட் தட்டு வந்துவிட்டதால் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் இரண்டு ஊரிலும் வாக்குப் போட்டு, யானைக்குப் ‘பூந்தி’ என்று பெயர் வைத்தார்கள். பூந்தி வைகாசியில் குட்டி போட்டிருந்தாள். குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. முதல் இரண்டு வாரம் பிள்ளைகளே தொட்டார்கள். வடக்குப் பெட்டியைத்தான் தொட்டார்கள். பூந்தி தன் பாட்டுக்குக் குட்டியை இடித்துக்கொண்டே இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த காட்டுத் தடத்தில் மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தாள். ஆடி பிறந்தால் மலைமேல் புல் இருக்கும், அங்கே போய்விடுவாள். அதோடு ப்ராஜெக்ட்டும் முடிந்திருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை கல்லாங்காட்டூர்ப் பள்ளியின் யாரோ ஒரு பிள்ளை தெரியாமல் கிழக்குப் பெட்டியைத் தொட்டுவிட்டது. பூந்தி புளியம்பள்ளத்துக்குள் வந்தாள். ஆறுச்சாமியின் தோட்டத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த நாற்பது வாழையைத் தின்றும் மிதித்தும் முடித்தாள். ஆறுச்சாமி சொன்ன கணக்கில் அது முதல் நாள் எண்பது, மறுநாள் இருநூறு, ஞாயிற்றுக்கிழமை வாக்கில் தோட்டத்தில் நட்டதைவிட அதிகம்.

உடனே மச்சானுக்கு போன் போட்டார். துளசிமணியின் அண்ணன் சென்னிமலை கல்லாங்காட்டூரில் பெரிய கை. கல்யாணத்தன்று பந்தியில் ரசம் சரியில்லை என்று ஆறுச்சாமி சொன்ன நாளிலிருந்து பதினாறு வருடமாக இருவருக்கும் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதில்கூட உடன்பாடு கிடையாது.

“ஏனுங் மச்சான், யானையச் சீரா அனுப்பிச்சு வெச்சீங்களாக்கும்?”

“மாப்பளே, போட்ட சீருக்கே நீங்க வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. யானைய வேற அனுப்புவனா?”

“அப்பறம் யாரு தொட்டது?”

“ஏதோ கொழந்தை தொட்டிருக்கும். என்ற புள்ளை மித்ராவுக்குக் கெழக்கு எது மேக்கு எதுன்னே தெரியாது.”

“உங்க வம்சத்துக்கு அது தெரியாமப் போகுமா மச்சான்? அடுத்தவன் தோட்டம் எந்தப் பக்கம்னு தொட்டில்லயே தெரியுமே.”

“வாழையத் தின்னதுக்கு யானைக்கு வயிறு நோகாம இருந்தாச் சரி,” என்று சொல்லி சென்னிமலை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து கனிஷ்காவின் கைபேசி அப்பன் மடியில். மறுநாளே அவர் மேற்குப் பெட்டியைத் தொட்டார். பூந்தி கல்லாங்காட்டூருக்குப் போய்ச் சென்னிமலையின் மோட்டார் அறையைத் தள்ளிவிட்டு வந்தாள். அதற்கடுத்த நாள் மித்ராவின் கைபேசி சென்னிமலையின் மடிக்குப் போனது. ஒரு வாரத்துக்குள் இரண்டு ஊரிலும் ஒன்பதாம் வகுப்பில் மீசை இல்லாதவர் யாருமில்லை.

கணக்கு எளிது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு. புளியம்பள்ளத்தில் முப்பத்தேழு பிள்ளைகள், கல்லாங்காட்டூரில் நாற்பத்தொன்று. இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தவர் ஆறுச்சாமிதான். கண்டுபிடித்த அன்று சோறு இறங்கவில்லை.

“நாலு தலை கம்மி. ஒரு நாளைக்கு இருவது கூப்பாடு கம்மி. இருவது கூப்பாட்டுல யானை நம்ம சமையக்கட்டுக்கே வந்து ஒக்காந்துக்கும்.”

ஊர் கிளர்ந்தது. திருப்பூரில் படித்துக்கொண்டிருந்த அக்கா பிள்ளைகள், ஈரோட்டில் தங்கிப் படித்த தங்கச்சி பிள்ளைகள் எல்லோரும் மாற்றுச் சான்றிதழோடு இறக்குமதி ஆனார்கள். முப்பத்தேழு நாற்பத்து மூன்றாயிற்று. அந்தப் பக்கமும் சும்மா இருக்குமா? ஒரே பருவத்தில் இரண்டு அரசுப் பள்ளிகளிலும் சேர்க்கை இப்படி ஏறியதைப் பார்த்துக் கல்வி அதிகாரிகள் பூங்கொத்தோடு வந்தார்கள். அம்சவேணி டீச்சருக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. செயலி தினமும் இரண்டு ஊர் வகுப்பும் பார்க்கப் பிள்ளைகளை வாழ்த்தியது. யானை எவ்வளவு சீக்கிரம் பதில் கொடுக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். கனிஷ்கா நூற்றுக்கு நூறு. அவள் ஒரு நாளும் யானையைப் பார்த்ததில்லை.

“வடக்க அனுப்பிருங்களேன், இந்தத் தொல்லையே வேண்டாம்,” என்று துளசிமணி ஒரு தரம் சொன்னாள்.

“நான் வடக்க தொடற நேரம் பாத்து உங்கண்ணன் கெழக்க தொட்டுட்டான்னா? இருக்கற அஞ்சும் அவனைத் தடுக்கவே பத்தலை. தார் வெட்ட இன்னும் மூணு மாசம் இருக்குது, தெரியுமல்ல?”

“எங்கண்ணனும் இதையேதான் சொல்லுதுங்க.”

“அவன் சொல்றதை நம்பாதே.”

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. பூந்தி மலைக்குப் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை ஆறுச்சாமி தன் போர்த்தந்திரத்தின் உச்சத்தைத் தொட்டார். ஆளுக்கொரு நேரம் அமுக்கினால் யானை யோசிக்கிறது, எல்லோரும் ஒரே நொடியில் அமுக்கினால் ஓடும் என்று கண்டுபிடித்து, பதினான்கு அப்பன்மாரைத் தன் வரப்பில் வரிசையாக உட்கார வைத்தார். குழந்தைசாமி விசில் அடித்தார். பதினொன்று ஆறுக்குப் பதினான்கு கட்டைவிரல்கள் இறங்கின. மேற்குப் பெட்டியில் செத்துப்போன அம்மா அடுத்தடுத்துப் பதினான்கு முறை கூப்பிட்டாள்.

பூந்தி ஓடினாள். வழியில் சென்னிமலையின் மாட்டுக் கொட்டகை இருந்தது, அதன் சுவர் இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்த சென்னிமலையின் மனைவி ருக்மணி இருந்தாள். சுவர் ருக்மணியின் மேல் விழுந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. ஓடி வந்த குட்டி செங்கல் குவியலில் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடியது.

துளசிமணி சொசைட்டியிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீட்டில் உலை வைக்கவில்லை. நாலரை மணிக்குக் கனிஷ்கா பள்ளியிலிருந்து வந்தபோது ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்து, ருக்மணி அந்நேரத்தில் அங்கே ஏன் நிற்க வேண்டும் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அத்தை காலை ஒடைச்சது நானாம்.”

“எவன் சொன்னான்? சொல்லு அம்மிணி, நாக்கை அறுத்துப் போடறேன்.”

“உங்க மடியில இருக்கற போனு.”

வாங்கி, திறந்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் பட்டாசு வெடித்தது. ‘வாழ்த்துகள் கனிஷ்கா! 11:06 மணிக்கு உன் அழைப்பைக் கேட்டுப் பூந்தி மிக வேகமாகக் கல்லாங்காட்டூரை அடைந்தாள்! ஐந்து நட்சத்திரம்!’

“இது சும்மா மிசினு சொல்றது, கண்ணு.”

“மித்ரா இதைப் படம்புடிச்சு வகுப்புக் குழுவுல போட்டுட்டா. கீழ என்ன எழுதியிருக்கா தெரியுங்களா? ‘எங்கம்மா உனக்கு என்னடி பண்ணுனாங்க’ன்னு. நான் என்னன்னு பதில் போடறதுங்க?”

ஆறுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் அமுக்கலைன்னா உங்க மாமன் அமுக்குவான்.”

“எந்திரிங்க. தண்ணித் தொட்டி மேல வாங்க.”

ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் மகள் அணில் போல ஏறினாள். அப்பன் மூட்டை போல ஏறினார். உச்சியிலிருந்து பார்த்தால் வாழைக்காடு, அதற்கப்பால் புதர், புதருக்கு நடுவே பூந்தி. நாலு மாதமாகச் சிவப்புப் புள்ளியாகப் பார்த்ததை அன்றுதான் யானையாகப் பார்த்தார்.

விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. அவள் நடந்துகொண்டிருந்தாள். கிழக்கே பத்தடி, திரும்பி மேற்கே பத்தடி, மறுபடி. அவள் காலடியில் புல் இல்லை, செடி இல்லை. செக்கு மாடு சுற்றின தரை மாதிரி செம்மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. குட்டி அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அம்மாவின் வாலைப் பிடிக்க முயன்றபடி சுற்றிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அது பழகிய காடு அந்த வட்டம்தான்.

“ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் அவ பதில் சொல்றாங்ப்பா. பட்டையில மைக் இருக்குது. நம்ம காதுக்குக் கேக்கற மாதிரி மாத்திக் கேக்கலாம். யாருமே கேக்கறதில்ல, அதுக்கு மார்க்கு இல்ல.” கனிஷ்கா தொட்டாள்.

தகரக் கதவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. அழகாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் பதில் வராத இடத்தைப் பார்த்துக் கேட்கிற குரல் என்பது ஆறுச்சாமிக்கே புரிந்தது.

“இன்னொண்ணு பாருங்க. பரீட்சை லீவுல ரெண்டு நாள் செயலி ஓடலை, ஞாபகம் இருக்குதுங்களா? அந்த ரெண்டு நாள்ல பூந்தி எட்டு கிலோமீட்டர் வடக்க போயிட்டா. அவளாவே. திங்கக்கிழமை ஒம்பது நாப்பதுக்கு நீங்களும் மாமாவும் கூப்பிட்டீங்க. ஓடி வந்துட்டா.”

அவள் நீட்டிய திரையில் பூந்தி நடந்த வழியைக் காட்டும் கோட்டை ஆறுச்சாமி பார்த்தார். சிவப்புக் கோடு வடக்கே போய், உயரே ஏறி, அங்கிருந்து அடிபட்டதுபோல மடங்கித் திரும்பி வந்து இரண்டு ஊருக்கும் நடுவே நூல் சிக்கலாகச் சுருண்டது.

“அப்ப அவ நம்மூருக்கு வர்றதே…”

“நீங்க ரெண்டு பேரும் தொரத்தறதுனாலதான்.”

கீழே இறங்கும்போது ஏணியில் இரண்டு தடவை கால் வழுக்கியது. ஆனாலும் தரையைத் தொட்டதும் பழைய ஆறுச்சாமி ஆகிவிட்டார். “செரி, நான் நிறுத்திக்கறேன். உங்க மாமன் நிறுத்தலைன்னா? அவன் கையை யாரு புடிச்சுக்கறது?”

இதே கேள்வியை அதே நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சென்னிமலையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று துளசிமணி மறுநாள் வந்து சொன்னாள். கைகளைப் பிடிக்க வழி கண்டுபிடித்தவளும் அவள்தான்.

பால் சொசைட்டி இரண்டு ஊருக்கும் பொது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அதன் வாசலில் நாற்பது லிட்டர் கேன்கள் இரண்டு வைக்கப்பட்டன. கிழக்கூரான புளியம்பள்ளத்துப் போன்கள் ஒரு கேனில், மேற்கூரான கல்லாங்காட்டூர்ப் போன்கள் ஒரு கேனில். கிழக்கூர்க் கேனின் மூடிமேல் சென்னிமலை உட்கார வேண்டும். மேற்கூர்க் கேனின் மேல் ஆறுச்சாமி. இரண்டு கேனும் நேருக்கு நேர். கைகள் முட்டிமேல், எல்லோருக்கும் தெரிகிறாற்போல.

போன்கள் விழுந்த ஓசை கல்மழை போலிருந்தது. துளசிமணி பால் அளக்கிற கண்டிப்போடு ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தாள். ஒருவர் 2010ஆம் வருடத்துச் செத்த போன் ஒன்றை நைசாகப் போடப் பார்த்தார், திருப்பி எறிந்தாள். குழந்தைசாமி ஒரு போனைப் போட்டுவிட்டு அடக்கமாக நகர்ந்தார். அவருடைய பட்டாப்பட்டி டவுசருக்குள்ளிருந்து பக்திப் பாட்டாக ஒலித்தது இன்னொரு போன்.

“கல்லாங்காட்டூர்க்காரன் பயபுள்ளைக எத்தனை போனு ஒளிச்சு வெச்சிருக்கானுகளோ, என்றதை மட்டும் புடிச்சிட்டீங்க!” என்று அவர் பொதுவாகக் கத்தினார்.

“நீ ஒளிச்சு வெச்ச எடத்துல இருந்து எடுத்த போனை எவன்டா தொடுவான்?” என்றது எதிர்ப்பக்கம்.

அம்சவேணி டீச்சரின் மடிக்கணினி மட்டும் பால் பரிசோதனை மேசைமேல் இருந்தது. காட்டிலிருந்த கேமரா பூந்தியைக் காட்டியது. “ஒரு அழைப்பும் இல்லைன்னா இந்த மாசம் பிள்ளைகளுக்கு மார்க்கு விழாதுங்க. எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும். பரவால்லீங்களா?” என்று கேட்டுக் கடைசியாக ஒரு முறை எல்லோர் முகத்தையும் பார்த்தார். மார்க் என்ற சொல்லைக் கேட்டதும் எண்பது அப்பன்மாரின் விரல்கள் தாமாகத் துடித்தன. யாரும் எழவில்லை.

ஒன்பது நாற்பது.

பூந்தி நின்றாள். காதை விரித்தாள். வழக்கமான நேரம் அவளுக்கும் தெரிந்திருந்தது. கிழக்கே பார்த்தாள். மேற்கே பார்த்தாள். ஒன்பது ஐம்பது. பத்து. கணினியிலிருந்து தகரக் கதவு இழுபட்டது. அவளாகவே கூப்பிட்டுப் பார்க்கிறாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஏழு தடவை.

“மூச்சு விடறதைப் பாரு, தொடறதுக்குத் தயாராகறான்,” என்றார் ஆறுச்சாமி.

“மூச்சு விடக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இல்ல மாப்பளே. உங்க கட்டைவெரல் ஏன் ஆடுது?”

“எறும்பு ஏறுது.”

“எறும்பு உங்களைக் கடிச்சுச்சுன்னா எறும்புதான் செத்துப்போகும்.”

பதினொன்றே காலுக்குப் பூந்தி கூப்பிடுவதை நிறுத்தினாள். தும்பிக்கையைத் தரையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமல் வடக்கே திரும்பி நடந்தாள். வாசலில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தும், கொட்டகையில் எருமை அசை போடுவது கேட்டது. யானை புதரைத் தாண்டினாள், ஓடையைத் தாண்டினாள், மூங்கிலுக்குள் மறைந்தாள்.

“போயிட்டாங்கோ!” என்று யாரோ கூவினார்கள்.

“குட்டி?” என்றாள் கனிஷ்கா.

குட்டி வட்டத்துக்குள்ளேயே இருந்தது. பத்தடி கிழக்கே, பத்தடி மேற்கே. அம்மா போனதை அது பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் புரியவில்லை. அதற்கு நடப்பது என்றால் அதுதான். தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது மூங்கில் பிளந்தது. பூந்தி திரும்பி ஓடி வந்துகொண்டிருந்தாள். நேராக, தலையை ஆட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து.

ஆறுச்சாமி கேனிலிருந்து பாய்ந்தார். “தொட்டுட்டான்! இந்த ஈனப்பய தொட்டுட்டான்!” சென்னிமலையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். சென்னிமலை அவர் கழுத்துத் துண்டை முறுக்கினார். “எதுலடா தொடறது? என்ற கை உன்ற மொகத்துக்கு நேரதானடா இருக்குது! உன்ற ஆளுகதான்டா தொட்டது!” கேன்கள் இரண்டும் கவிழ்ந்தன. தொண்ணூறு போன்கள் சாணித் தரையில் சிதறின. எண்பது பேர் அவற்றின்மேல் விழுந்தார்கள். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் இருநூறு அம்மாக்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருப்பார்கள்.

“கண்ணைத் தொறந்து பாருங்கப்பா!”

கனிஷ்காவின் தொண்டையில் இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று அவளைப் பெற்றவருக்கே தெரியாது. கணினியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேசைமேல் நின்றாள். பிடித்த சட்டையை விடாமல், முறுக்கிய துண்டை விடாமல், இரண்டு பேரும் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள்.

பூந்தி வட்டத்தின் விளிம்பில் நின்றாள். தும்பிக்கையால் குட்டியை வெளியே தள்ளினாள். குட்டி இரண்டடி வந்து மறுபடி பள்ளத்துக்குள் போய்ச் சுற்றியது. மறுபடி தள்ளினாள். மறுபடி போயிற்று. மூன்றாம் முறை அவளே உள்ளே இறங்கி, நாலு கால்களுக்கும் நடுவில் குட்டியை மாட்டிக்கொண்டு, அது கத்தக் கத்த, வடக்கே இழுத்துக்கொண்டு போனாள். ஓடைக்கரையில் ஒரு தடவை குட்டி திரும்பிப் பார்த்தது. பின்னங்காலால் ஒரு தட்டு விழுந்தது. மூங்கில் மூடிக்கொண்டது.

“விடறீங்களா மாப்பளே, மூச்சு முட்டுது.”

“நீங்க மொதல்ல துண்டை விடுங்க மச்சான்.”

இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித்தான் விட்டார்கள்.

பத்து நாள் அமைதியாகப் போயிற்று. பூந்தி மலை ஏறிவிட்டாள், சிவப்புப் புள்ளி திரையின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. ஆறுச்சாமி தார் வெட்டினார். கனிஷ்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். மித்ரா பேசவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. பதினோராம் நாள் மாத மதிப்பெண் வருகிற நாள். ஆறுச்சாமி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது அங்கே சென்னிமலை ஏற்கனவே டீச்சரிடம் கத்திக்கொண்டிருந்தார்.

“என்ற புள்ளைக்கு முட்டை போட்டீங்கன்னா நான் சும்மா விடமாட்டேன். ஒண்ணும் பண்ணாம ஒக்காந்திருக்க நாங்க என்ன பாடுபட்டோம்! அதுக்கு மார்க்கு இல்லீங்களா?”

“டீச்சர், இவரு பாடுபட்டதை நம்பாதீங்க. நாந்தான் ரொம்ப சும்மா இருந்தது,” என்றார் ஆறுச்சாமி.

அம்சவேணி டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. “முட்டை போட்டதா யாருங்க சொன்னது? எல்லாப் பிள்ளைகளுக்கும் நூத்துக்கு நூறு. கம்பெனியில இருந்து பாராட்டுக் கடிதமே வந்திருக்குது.”

“நூறா? எதுக்குங்க?”

டீச்சர் படித்தார். இரண்டு பள்ளி மாணவர்களின் அயராத முயற்சியால் நாலு மாதத்தில் பூந்தியின் பதில் குரல் முப்பதாயிரத்துக்கும் அதிகமான முறை தெளிவாகப் பதிவாகியுள்ளது. இந்தியாவில் வேறெங்கும் ஒரே தாய் யானையின் குரல் இவ்வளவு கிடைத்ததில்லை. குட்டி வளர்ந்ததும் அதற்குக் கழுத்துப்பட்டை அணிவிக்கப்படும். வரும் கல்வியாண்டில் அதே மூன்று பெட்டிகளில், குட்டிக்கு மிகவும் பழகிய குரலில், திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கும்.

கனிஷ்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பூந்தி உசுரோடதானுங்களே இருக்கா?” என்றார் ஆறுச்சாமி மெதுவாக.

“இருக்கறாங்க. குட்டி அவகூட இருக்கறப்பவே வேறெங்கியாச்சும் இருந்து அவ கூப்பிடுவா. அவ்வளவுதான்.”

ஆறுச்சாமி வேட்டியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். சென்னிமலை அவரைப் பார்த்தார். ஆறுச்சாமி சென்னிமலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உறவு எதுவும் இல்லை. யாரிடம் நல்ல அரிவாள் இருக்கிறது என்ற கணக்கு இருந்தது.

“பெட்டிய அறுத்தா பெட்டிதானுங்க போகும். குரல் அவங்க கிட்டயே இருக்குது,” என்றார் டீச்சர்.

“இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். மொதல்ல வாயை அடைப்போம். கம்பெனி புதுசு கொண்டாந்து கட்டட்டும், மறுக்கா அறுப்போம். கனிஷ்கா, நீ வகுப்புக்குப் போ அம்மிணி. இது எங்க ப்ராஜெக்ட்.”

“போகமாட்டேன். மூணு பெட்டியும் எந்த மரத்துல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

தெரியாது. நாலு மாதம் அமுக்கியவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

கனிஷ்கா முன்னால் நடந்தாள். சொசைட்டியிலிருந்து மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு, முன் நுனியில் ஒருவரும் பின் நுனியில் ஒருவருமாக இரண்டு மாமன் மச்சான்களும் வெயிலில் அவள் பின்னால் போனார்கள்.

“நான் ஏறறேன், நீங்க புடிங்க மச்சான்.”

“நீங்க ஏறுனா நான் புடிக்கறதா? பதினாறு வருசமா அதுக்குத்தான் காத்திருக்கறேன். நான் ஏறறேன்.”

“நீங்க ஏறுனா நான் ஏணியவே எடுத்துட்டு ஊட்டுக்குப் போயிருவேன்.”

“ரெண்டு பேரும் புடிங்க,” என்றாள் கனிஷ்கா, அரிவாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு.